தியாகலிங்கத்தார் வடக்கே போன கதை

கனடாவில் ரொக்ஸ்பரோ என்கிற புறநகரில் தியாகலிங்கத்தாரைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், அவர் முந்தாநாள்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். மற்ற எல்லாரையும் அவர் பிடித்து நிறுத்திக் கதைத்திருக்கிறார். பஸ் தரிப்பில், டெபனர் என்கிற தெருமுனைக் கடையில் பால் எடுக்கிற இடத்தில், டொலார்ட் முருகன் கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில். ஆளைத் தூரத்தில் கண்டதும் சனம் போனைக் காதில் வைத்துக்கொள்ளும். அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. போன் முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

கதைக்க அவரிடம் இருந்தது ஒரே விஷயம், தோட்டம். டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் காலமெல்லாம் கழுவி, அரிந்து, துடைத்துவிட்டு ஓய்வெடுத்த மனிதர். அந்தக் குசினியில் இவரிடம் ஒருவரும் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. சொன்னார்கள், செய்தார். ஓய்வெடுத்த அடுத்த கோடையே வீட்டுப் பின்வளவைக் கொத்திப் பிரட்டி, கத்தரி, மிளகாய், பாகல், பயிற்றை என்று நட்டுத் தள்ளினார். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் காய்த்தது. ஆனால் காய்த்ததைவிட அவர் கதைத்தது கூட. "நாங்கள் உரும்பிராய் ஆக்கள். வெங்காயத்துக்குள்ள பிறந்து வெங்காயத்துக்குள்ள வளந்தனாங்கள்" என்று அவர் சொல்வது பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மனுசிக்கும் தெரியும். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோடு சரி. என்றாலும் தெரியும்.

அவருக்கு ஜென்ம விரோதி என்று ஒன்று இருந்ததென்றால் அது புல். தன் வளவில் மட்டுமில்லை, கோயில் வாசலில், அடுத்தவன் பூச்சாடியில், எங்கே கண்டாலும் குனிந்து வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவார். "உந்த மனுசன்ர கண்ணில பட்டால் என்ர தலைமயிரும் தப்பாது" என்பாள் மனைவி புஷ்பவதி. அவள் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் கனகாலம் சின்னப் பிள்ளைகளை மேய்த்தவள். பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும். வீட்டில் மற்ற ஆள் வாயை மூடினால்தானே அது வெளியே தெரியும்!

போன வருஷம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட்டில் தோட்டமண் சும்மா கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு, தியாகலிங்கத்தார் சாக்கோடு போனார். கொடுத்தது ஒரு சின்னச் சங்கம். வடக்கே, கடைசி ரோடும் முடிகிற இடத்தில் இருக்கிற க்ரீ முதற்குடி மக்களின் ஊர்களில், பள்ளிக்கூடத்தோடு சேர்த்துச் சாப்பாட்டுத் தோட்டம் போட உதவுகிறவர்கள். அங்கே பனி கரையவே ஜூன் ஆகிவிடும். கடைக்கு வருகிற இலைக்கறியோ வழியிலேயே பாதி செத்துவிடும். அதனால் நாற்றை இங்கே விளக்கு வெளிச்சத்தில் வளர்த்து, காலம் வந்ததும் வண்டியில் ஏற்றி அனுப்புவது இவர்களின் வேலை. பொறுப்பாக இருந்தவள் ஸ்நேகா, கோயம்புத்தூர்ப் பெண், இங்கே விவசாயம் படித்தவள். தியாகலிங்கத்தார் சாக்கைக் கீழே வைத்தார், தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, தண்ணி கூடிப்போச்சு."

"இல்ல அங்கிள், கரெக்டாதான் இருக்கு."

"கூடிப்போச்சு" என்றார் அவர், பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. அன்றிலிருந்து அவர் அங்கேதான். மண் கொண்டுபோகிற கதையையே மறந்துவிட்டார்.

அவர்கள் உதவிய ஊர்களில் ஒன்றின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை; அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கதையில் கொஞ்சம் சத்தம் போடுகிறார்கள், தாய் தகப்பன் கோபிக்கக்கூடும். அங்கே டெய்ஸி என்று ஒரு ஆசிரியை. பிள்ளைகளுக்கு க்ரீ மொழியும் காட்டு வேலையும் சொல்லிக்கொடுப்பவள். முன்பு தெற்கிலிருந்து யாரோ நல்ல மனசுக்காரர் போய், அந்தப் பள்ளிக்கூடத்தில் கேல் கீரையை வரிசை வரிசையாக நட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்களாம். கீரை ஓகோ என்று வளர்ந்தது. ஒரு பிள்ளை தின்னவில்லை. முயலும் தின்னவில்லை என்று டெய்ஸி சொல்கிறாள். அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளோ தெரியாது.

அதற்குப் பிறகு பிள்ளைகளே ஒரு முடிவெடுத்தார்கள். தங்கள் ஆற்றோரப் பாறை இடுக்குகளில் காட்டு வெங்காயம் வரும். வாத்தோடும் மீனோடும் சேர்த்துச் சமைப்பது. அதைத் தோட்டத்தில் வைப்பம் என்றார்கள். போன ஆவணியில் படகில் போய், நுளம்புக் கடி வாங்கி, ஆளுக்கொரு பிடி விதை பொறுக்கி ஸ்நேகாவுக்கு அனுப்பினார்கள். அவள் அதைக் குளிரில் வைத்து, பனிக்காலத் தொடக்கத்திலேயே ஒரு தட்டில் விதைத்து, தியாகலிங்கத்தார் எட்டிப் பார்க்காத பின்னறையில் தனியாக வைத்தாள். தட்டுக்கு மாஸ்கிங் டேப்பில் க்ரீ எழுத்தில் பெயர்கள் வந்தன, ஒவ்வொரு குழிக்கும் ஒரு பிள்ளையின் பெயர். டெய்ஸி ஒரு கட்டளையும் போட்டிருந்தாள். நட்ட முதல் வருஷம் ஒருவரும் ஒரு தாளைக்கூடக் கிள்ளக்கூடாது, பெருக விட வேண்டும், அடுத்த கோடையில்தான் சட்டியில் போடுவது.

இதெல்லாம் தியாகலிங்கத்தாருக்கும் சொல்லப்பட்டது. வீடியோவில் பிள்ளைகளே சொன்னார்கள். அவர் நடுவில் புகுந்து தக்காளிக்குப் பந்தல் கட்டும் முறையை விளக்கினார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போனது. "மிஸ்டர் டி" என்று பெயர் வைத்தார்கள். அவர் பாதி ஆங்கிலம், பாதி தமிழ், மீதி கையால் கதைப்பதைப் பார்க்க அந்த வகுப்பு காத்திருக்கும். பேந்து ஒருநாள் டெய்ஸி கேட்டாள், ஜூனில் நாற்று ஏற்ற நானும் தம்பியும் பிக்கப்பில் வருவோம், பின்சீட்டில் ஒரு இடம் இருக்கிறது, மிஸ்டர் டி எங்களோடு வந்து நட்டுத் தருவாரா என்று.

அன்றிரவு மனிதர் சாப்பிடவே மறந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலே கனடாவில் இருந்தும் அவர் கண்ட கனடா, ரொக்ஸ்பரோவில் ரயிலேறி டவுன்டவுனில் இறங்குவதும், கலியாண வீட்டுக்கு டொரொன்டோ போவதும்தான். கோயிலுக்கு வருகிற சண்முகலிங்கம் என்பவர் அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்து, அந்தப் பனிக்கட்டியை வருஷக்கணக்கில் கதையாக உருக்கிக்கொண்டிருந்தார். இனி இவருடைய முறை. ஆனால் பெருமை மட்டும் என்று சொன்னால் அது அநியாயம். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ ஒருவர், நீ வா, உனக்குத் தெரிந்ததைச் செய் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பயணத்துக்காக அவர் என்னவும் செய்திருப்பார். செய்தும்விட்டார், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் உட்பட எல்லாருக்கும் அறிவிப்பு நடந்தது. "வடக்கில இருந்து கூப்பிட்டிருக்கினம். நான் போகாட்டில் தோட்டம் சரிவராதாம்." நுளம்பு வலை வைத்த தொப்பி ஒன்றும் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினார். புஷ்பவதி டீவியை மட்டும் மறைக்காமல் நடக்கச் சொன்னாள்.

சித்திரை முடிகிற நேரம் அந்தத் தேவாலயத்தின் தண்ணிக்குழாய் வெடித்து, பேஸ்மென்ட் குளமாகிவிட்டது. நாற்றுத் தட்டுகளை எங்கே வைப்பது என்று ஸ்நேகா தவித்தபோது, "என்ர பேஸ்மென்ட் இருக்கு பிள்ளை, யோசியாதே" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவள் வான் வண்டியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினாள். ஒவ்வொரு தட்டாகக் காட்டி, இது தக்காளி, இது பீன்ஸ், இது பசங்களோட ஆனியன், இதுக்குத் தண்ணி கம்மி என்று சொன்னாள். இவர் கேட்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்தார். விளக்கை எந்த உயரத்தில் தூக்கவேண்டும் என்று அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி ஒவ்வொரு தட்டாகப் பார்த்து வந்தவர், அதுவரை கவனிக்காமல் விட்ட மூலைத் தட்டைக் கண்டு திகைத்து நின்றார். தட்டு முழுக்கப் புல்! மெல்லிசாக, பச்சைப் பசேலென்று, பாய் விரித்த மாதிரி.

"அட கோதாரி விழுவானே! படிச்ச பிள்ளை புல்லை வளத்து வைச்சிருக்கு."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். உரும்பிராயில் அவர் தகப்பன் தோட்டத்தில் வெங்காயம் விதை போட்டு முளைத்ததே இல்லை. போன போகத்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தூக்கி, அதையே ஊன்றுவார்கள். முளைக்கும்போதே தாள் தடிப்பாக வரும். விதையில் வந்த வெங்காய நாற்றை அவர் கண்ணால் கண்டதில்லை. வெங்காயத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆளென்றால், இது என்ன என்று யாரையாவது கேட்டிருப்பான். இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. டேப்பில் இருந்த க்ரீ எழுத்தை ஏதோ பூவேலை என்று நினைத்தார். மணந்தாவது தெரிந்திருக்கும், ஆனால் கொரோனா வந்து போனதிலிருந்து அவருடைய மூக்கு முகத்துக்கு அழகாக இருக்கிறதே தவிர வேலைக்கு இல்லை. உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பேசினில் போட்டார். செய்து முடித்ததும் முதுகை நிமிர்த்தி ஒரு திருப்தி வேறு.

உடுப்புத் தோய்க்க இறங்கிவந்த புஷ்பவதி நடுப்படியில் நின்றாள். "இதென்னப்பா, வெங்காய மணம்?"

"புல்லு."

அவள் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். "வெங்காயத்தாள். இதைப் போய் எறியப் போறியளோ?"

"வெங்காயம் எப்பிடி இருக்குமெண்டு நீ எனக்குச் சொல்லித் தாறியோ? ஏதும் காட்டுப் பூண்டா இருக்கும்."

"உங்களுக்கு என்னதான் தெரியாது" என்று சொல்லி, பேசினோடு தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

காலைச் சாப்பாடு புட்டும், அந்தத் தாளை அரிந்து போட்ட முட்டைப் பொரியலும். மனிதருக்கு மணம்தான் இல்லை, நாக்கில் உறைப்பும் இனிப்பும் இன்னும் தெரியும். "இஞ்சேர், இன்னும் கொஞ்சம் வை" என்று கேட்டு வாங்கித் தின்றார். மத்தியானம் சம்பலுக்குள் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் முட்டை. கடைசிப் பிடியை அரியும்போது, எந்த வெங்காயத்தாளுக்கும் செய்கிற மாதிரி வேர்ப்பக்கத்தைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, வெறும் யோகட் பேணியில் மண் போட்டு ஊன்றி, குசினி யன்னலில் வைத்தாள். அவள் வீட்டில் வேருள்ள எதுவும் நேரே குப்பைக்குப் போனதில்லை.

திங்கள் காலை ஸ்நேகாவின் போன் வந்தது.

"அங்கிள், குட் மார்னிங். அந்த மூலையில இருக்கிற ஆனியன் ட்ரேக்கு மட்டும் தண்ணி ரொம்ப விட்றாதீங்க. பசங்க டெய்லி அதைப் பத்தியே கேக்கறாங்களாம்."

தியாகலிங்கத்தார் போனோடு படியிறங்கி, மூலையில் கிடந்த வெறும் தட்டைப் பார்த்தார்.

"அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?"

"ஓம் பிள்ளை."

"ஆனியன் நல்லா இருக்கா?"

"நல்லா இருந்த... நல்லா இருக்கு பிள்ளை."

போனை வைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே சரிந்தார். புஷ்பவதி வந்து முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "ஐயோ கடவுளே, பிள்ளையளின்ர வெங்காயத்தையோ திண்டனாங்கள்!" பிறகு யன்னலில் இருந்த பேணியைக் காட்டினாள். "ஒரு பிடி இருக்கு. தளிர்க்குது, பாருங்கோ. அந்தப் பிள்ளைக்குப் போனைப் போட்டு நடந்ததைச் சொல்லுங்கோ."

சொல்வதா! சொன்னால் சீட் போய்விடும். கோயிலில் சொன்ன கதை என்ன ஆவது, சண்முகலிங்கம் சும்மா இருப்பாரா! அதையெல்லாம்விட, மிஸ்டர் டி என்று அந்தப் பிள்ளைகள் கூப்பிட்டது நின்றுவிடும். அந்தப் பயம்தான் அவரை ஆட்டியது. சட்டையை மாட்டிக்கொண்டு செடிக்கடைக்குப் போனார். அங்கே சிபுலெட் என்று பிரெஞ்சில் பெயர் போட்டு, பார்வைக்கு அச்சு அதே மாதிரி வெங்காயத்தாள் சாடி சாடியாக நின்றது. காரின் பின்பக்கம் கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு வந்து, பிரித்து, தட்டில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒவ்வொரு பிடியாக ஊன்றினார்.

புஷ்பவதி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையளின்ர பேருக்குக் கீழ கடைச் சாமானை வைக்கிறியள். உங்களுக்குக் கை கூசேல்லையோ?"

"வெங்காயம் வெங்காயந்தான்."

"அப்ப புல்லெண்டு ஏன் பிடுங்கினனீங்கள்?"

அவர் அடுத்த பிடியை எடுத்து ஊன்றினார். அவள் அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் மேசையில் டக்கென்று வந்து விழும்.

ஜூன் தொடக்கத்தில் டெய்ஸியும் அவள் தம்பியும் ஒரு பகலும் இரவும் ஓடி வந்து, பிக்கப்பையும் பின்னால் கட்டிய டிரெய்லரையும் ரொக்ஸ்பரோ வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். தம்பி ஒரு வார்த்தை கதைக்காத ஆள், நேரே டிரெய்லரைத் திறந்து தட்டுகளை ஏற்றத் தொடங்கிவிட்டான். ஸ்நேகாவும் வந்திருந்தாள். தியாகலிங்கத்தார் இஸ்திரி போட்ட சேட்டோடு, சூட்கேஸை வாசலில் நிறுத்திவிட்டுத் தயாராக நின்றார். டெய்ஸி ஐம்பது கடந்தவள், கட்டையான உருவம், சிரித்தால் வீடு அதிரும். வந்ததும் வராததுமாகக் கீழே இறங்கி, போனில் வகுப்பை வீடியோவில் பிடித்தாள். பிள்ளைகள் தங்கள் வெங்காயத்தைப் பார்க்கவேண்டுமாம்.

போனைத் தட்டுக்கு மேலே பிடித்ததும் அந்தப் பக்கம் ஒரே கூக்குரல். டெய்ஸி டேப்பில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பெயர் வந்த பிள்ளை எழும்பி நின்று ஆடியது. ஒரு பெட்டை மட்டும் கண்ணைச் சுருக்கி, "என்னுடையது ஏன் இவ்வளவு கொழுத்திருக்கிறது?" என்று கேட்டாள்.

"மிஸ்டர் டி நன்றாகக் கவனித்திருக்கிறார்" என்றாள் டெய்ஸி. பிறகு இவர் பக்கம் திரும்பி, தோளில் கையை வைத்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஸ்நேகா அதைத் தமிழில் சொன்னாள்.

"அங்கிள், இதுவரைக்கும் சவுத்லருந்து வந்தவங்க எல்லாம் அவங்களுக்குப் பிடிச்சதைத்தான் கொண்டு வந்து வச்சாங்களாம். நாங்க கேட்டதை வளத்துக் குடுத்த முதல் ஆள் நீங்கதான்னு சொல்றாங்க."

பாவி மனிதர் அதைத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், குசினியில் எவ்வளவு வாங்கியவர்! இதைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்நேகா தண்ணீர் எடுக்க ஓடினாள். அவர் அவளை மறித்து, தனக்குத் தெரிந்த குசினி ஆங்கிலத்தை எடுத்தார்.

"நோ. திஸ் நொட் யுவர் ஆனியன். திஸ் ஷொப். யுவர் ஆனியன்..." என்று சொல்லித் தன் வயிற்றைத் தொட்டார். "ஐ ஈட்."

போனில் இருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணைச் சுருக்கிய அந்தப் பெட்டைதான் முதலில் கேட்டாள்.

"எல்லாவற்றையுமா?"

"ஓல்."

"எதோடு?"

"எக்" என்றார் தியாகலிங்கத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வகுப்பு வெடித்தது. மேசையில் அடித்துச் சிரித்தார்கள். ஒருவன் கதிரையிலிருந்து விழுந்தான். ஆனால் டெய்ஸி சிரிக்கவில்லை. தட்டிலிருந்த ஒரு பிடி கடை வெங்காயத்தைப் பிடுங்கி, அதன் வேரைப் பார்த்தாள். பிறகு அவரை நேரே பார்த்துச் சொன்னதை ஸ்நேகா மெதுவாகத் தமிழில் சொன்னாள். தின்றதை நான் மன்னிப்பேன், வெங்காயம் தின்னத்தானே இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கியதற்கு என் பிள்ளைகள் எழும்பி நின்று ஆடினார்கள், நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். என் வண்டியில் உனக்கு இடமில்லை.

தியாகலிங்கத்தார் தலையை ஆட்டினார். அது நியாயம் என்று அவருக்கே தெரிந்தது. அதுதான் இன்னும் கூட வலித்தது.

அப்போதுதான் புஷ்பவதி யோகட் பேணியோடு படியில் இறங்கினாள். பேணியில் தாள் ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. வந்த வேகத்தில் புருஷனைப் பார்த்து, "அண்டைக்கே சொன்னனான்! வாயைத் திறவுங்கோ, வாயைத் திறவுங்கோ எண்டு! உலகத்தில இருக்கிற எல்லா விசர்க்கதையும் கதைக்கிற வாய், இதைச் சொல்ல மட்டும் ஒட்டிப்போச்சு!" என்று தமிழில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் தங்கள் வீட்டில் கேட்ட ராகம்தான் போலிருக்கிறது, கைதட்டினார்கள். பேந்து அவள் போனை வாங்கி, கார்டெரியில் பழகிய, அந்தப் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிற பிரெஞ்சில், இது உங்களுடைய வெங்காயத்தின் வேர்தான், நானும் தின்றேன், மன்னித்துக்கொள்ளுங்கள், இவ்வளவுதான் மிச்சம், யாருடையது எது என்று எனக்குத் தெரியாது என்றாள்.

"என்னுடையது!" என்று அந்தப் பெட்டை கத்தினாள். உடனே மற்ற எல்லாரும் என்னுடையது, என்னுடையது என்று கத்த, டெய்ஸிக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. அவள் பேணியை வாங்கி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு புஷ்பவதியிடம் ஏதோ கேட்டாள்.

"ஆன்ட்டி, ரோடு பூரா கல்லாம், டப்பா கவுந்துடுமாம்" என்றாள் ஸ்நேகா. "மடியில வச்சுப் பிடிச்சிட்டு வர ஆள் வேணுமாம். காப்பாத்துனவங்களே வரட்டும்கறாங்க."

"ஆரை?"

"உங்களத்தான்."

புஷ்பவதி விறுவிறென்று மேலே போய்விட்டாள். கதவு அடிபட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். தியாகலிங்கத்தார், அவ ஒருநாளும் தனியப் போனதில்லை, நித்திரைக் குளிசை வேறு போடுகிறவ என்று ஸ்நேகாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். அது முடியமுதல் புஷ்பவதி பனிக்கால ஜக்கெட், ஒரு பை, புட்டுக் கட்டிய டப்பா சகிதம் வாசலில் நின்றாள்.

"சோறு பிரிஜ்ஜில இருக்கு. மீன்குழம்பைச் சூடாக்கித் திண்ணுங்கோ" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் அவரோடு திட்டாமல் கதைத்தது அதுதான். "போட்டு வாறன்."

பிக்கப் புறப்பட்டது. அவருடைய சூட்கேஸ் வாசலிலேயே நின்றது. பின்சீட்டில் பேணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்துக் கைகாட்டினாள். அவரும் காட்டினார். பிறகு உள்ளே போய், ஊன்றிய கடை வெங்காயத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளப்பிச் சாடிக்கு மாற்றினார். டேப்பில் இருந்த பெயர்களை அழிக்காமல் தட்டைக் கழுவி வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனார். அன்னதான மண்டபத்தில் சண்முகலிங்கத்துக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

"என்ன தியாகண்ணை, வடக்குக்கு எண்டியள்? இன்னும் வெளிக்கிடேல்லையோ? மனுசியையும் காணேல்லை."

"அவ முன்னுக்குப் போயிருக்கிறா. ஒழுங்குகள் பாக்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கம்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வீடியோ. புஷ்பவதியின் முகம், நுளம்பு கடித்து ஒரு பக்கம் வீங்கி, ஆனால் இவ்வளவு சந்தோஷமாக அவர் அதைக் கண்டு எவ்வளவோ காலம். "இஞ்சாருங்கோ, ஊண்டியாச்சு. நாலு புதுத் தாள் விட்டிருக்கு. இவையள் உங்களோட கதைக்கவேணுமாம்." முகம் போய், ஒரு குவியல் பிள்ளைகள் திரையை நிறைத்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்க, "எக் மேன்!" என்று கத்தினார்கள்.

சோறு பரிமாறின பெடியன் வாளியோடு நின்றுவிட்டான். சண்முகலிங்கம் எட்டிப் பார்த்தார். "ஆர் இதுகள்? உங்களை என்ன எண்டு கூப்பிடுதுகள்?"

தியாகலிங்கத்தாருக்கு ஒரு கதை தயாராக வந்தது. முட்டைக்கு அங்கே நல்ல மரியாதை, பெரிய ஆட்களைத்தான் அப்படிக் கூப்பிடுவது, இன்னும் என்னென்னவோ. வாயைத் திறந்தார். திரையில் அந்தக் கண்ணைச் சுருக்குகிற பெட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுகள் படகில போய்ப் பொறுக்கி அனுப்பின வெங்காயம் அண்ணை" என்றார். "நான் புல்லெண்டு பிடுங்கித் திண்டுட்டன். பேந்து கடையில வாங்கி வைச்சு அதுகளையும் ஏமாத்தினனான். அதுதான் என்னை ஏத்தேல்லை, மனுசியை ஏத்திக்கொண்டு போயிட்டினம்."

சண்முகலிங்கம் சோற்றைப் பிசைந்தார். கேலி செய்ய நல்ல இடம், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் வரவில்லை. "அப்ப எப்பிடி, நல்லா இருந்ததோ?" என்றார்.

"நல்லா இருந்தது அண்ணை. இன்னும் கொஞ்சம் வை எண்டு கேட்டுத் திண்டனான்." தியாகலிங்கத்தார் இலையைப் பார்த்தபடி சொன்னார். "அடுத்த கோடை வரை கிள்ளக்கூடாதெண்டு பொறுத்திருக்குதுகள். அதுகள் தங்கட அந்த வெங்காயத்தை இன்னும் ஒருக்காலும் வாயில வைக்கேல்லை."